சனிக்கிழமைத் துப்பாக்கிகள்

இந்த நாற்காலி பரவாயில்லை. மார்வின் துப்பாக்கி சுடும் ரேஞ்சில் கிடக்கும் பெஞ்சில் அரைமணி நேரம் உட்கார்ந்து பாருங்கள், இடுப்பு கழன்றுவிடும். காபிக்கும் நன்றி. சர்க்கரை கொஞ்சம் தூக்கல்தான், இருந்தாலும் குடிக்கலாம்.

என் பெயர் எல்டன் கிரப். வயது எழுபத்தொன்று. முப்பத்திரண்டு வருடம் இந்த ஊர்ப் பள்ளிக்கூடப் பேருந்துகளுக்கு மெக்கானிக்காக இருந்தேன். உங்களை ஏற்றிப்போன பேருந்துக்கும் நான்தான் பிரேக் பார்த்திருப்பேன், சார். மார்ச் மாதம் ரேஞ்சில் நடந்த விபத்தைப் பற்றி உங்கள் ஷெரிஃப் அலுவலகத்தில் ஒரு கோப்பு இருக்கும். மட்டமான துப்பாக்கி, கையிலேயே வெடித்தது, யார் மேலும் தப்பில்லை என்று எழுதி மூடியிருப்பீர்கள். அதைத் திறக்கச் சொல்லத்தான் வந்தேன். நடுவில் கேள்வி கேட்காமல் இருந்தால் சீக்கிரம் முடித்துவிடுவேன். எனக்கு முன்னும் பின்னுமாகச் சொல்லி வராது.

ராய்ஸ் டங்கலை முதலில் பார்த்தது நெடுஞ்சாலை ஓரத்து அடகுக் கடையில். பதினோரு வருடம் ஆயிற்று. கண்ணாடிப் பெட்டிக்குள் நூற்றுப்பத்து டாலர் சீட்டு ஒட்டிய கைத்துப்பாக்கி ஒன்று கிடந்தது. இரண்டு பேரும் ஒரே நேரத்தில் அதன்மேல் விரலை வைத்தோம்.

"இது துப்பாக்கியா, குழாய் ரிப்பேர் பண்ற சாமானாய்யா?" என்று அவன் கத்தினான். மர அறுவை ஆலையில் வேலை பார்த்துக் காது போனவன். எதைச் சொன்னாலும் கத்தித்தான் சொல்வான். "ஆளுக்குப் பாதி போட்டு வாங்குவோமா? சுட்டா என் பாதி, வெடிச்சா உன் பாதி."

கடைக்காரரே சிரித்துவிட்டார். அன்று மத்தியானமே அதை எடுத்துக்கொண்டு மார்வின் ரேஞ்சுக்குப் போனோம். ஏழாவது குண்டில் சுடாமல் சிக்கிக்கொண்டது. ராய்ஸ் தொடையில் தட்டித் தட்டிச் சிரித்தான். எனக்கும் சிரிப்பு வந்தது. என் மனைவி நோரீன் செத்து மூன்று வருடத்தில் நான் வாய்விட்டுச் சிரித்தது அன்றைக்குத்தான்.

அதிலிருந்து மாதத்தின் முதல் சனிக்கிழமை எங்களுக்குத் திருவிழா மாதிரி. அடகுக் கடையோ, துப்பாக்கிச் சந்தையோ, எங்கே மலிவாகக் கிடைக்கிறதோ அங்கே ஒன்று வாங்குவோம். இருநூறு டாலரைத் தாண்டக்கூடாது. ஐம்பது குண்டு சுடுவோம். எத்தனையாவது குண்டில் முதலில் சிக்கும் என்று பந்தயம். தோற்றவன் செர்ரி பை என்கிற பழப் பலகாரம் வாங்கித் தரவேண்டும். மற்ற சனிக்கிழமைகளில் பழைய துப்பாக்கிகளை எடுத்துப்போய்ச் சுடுவோம். ஒவ்வொன்றுக்கும் ராய்ஸ் ஊர்க்காரர் யாராவது ஒருவர் பெயரை வைப்பான். சிக்கிச் சிக்கிச் சுடும் ஒன்றுக்கு எங்கள் பாதிரியார் பெயர்.

நல்ல துப்பாக்கி வைத்திருப்பவர்கள் எங்களைப் பார்த்து நக்கலடிப்பார்கள். அவர்களுக்கு என்ன தெரியும்? ஆயிரம் டாலர் துப்பாக்கியில் பேச ஒன்றுமில்லை. சுடும், அவ்வளவுதான். எங்களுடையது காலித் தோட்டாக் கூட்டைச் சட்டைக் காலருக்குள் துப்பும். தோட்டா அடைக்கும் மேகசின் தானாகக் கழன்று பூட்ஸ்மேல் விழும். துப்பாக்கியின் மேல்பாகத்து ஸ்லைடை இழுத்து, தட்டி, திட்டி, மறுபடி சுடவேண்டும். அதற்குள் ஒரு பொழுது போய்விடும்.

ஒரு ஏற்பாடு வைத்திருந்தோம். ராய்ஸுக்குக் காது கேட்காது, அதன்மேல் காதடைப்பு வேறு. எனவே அவன் சுடும்போது நான் பின்னால் நிற்பேன். ஏதாவது சரியில்லை என்றால் தோளில் தட்டுவேன், நிறுத்திவிடுவான். சந்தேகம் வந்தால் அவனே திரும்பி என் முகத்தைப் பார்ப்பான். நான் கட்டைவிரலைத் தூக்கினால் மேலே சுடுவான். பதினோரு வருடத்தில் ஒரு தடவைகூட அவன் என்னை இரண்டாம் முறை பார்த்ததில்லை. ஒரு தடவை பார்த்தால் போதும் அவனுக்கு.

என் மற்ற நாட்களைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, நானே சொல்லிவிடுகிறேன். எனக்கு ஒரு மகன், ஓரகன் மாநிலத்தில். கிறிஸ்துமஸுக்கு வாழ்த்து அட்டை வரும், அதில் பெயர்கூட அச்சடித்ததுதான். ஞாயிறு முதல் வெள்ளிவரை என்னோடு பேசுவது பெட்ரோல் பங்கின் இயந்திரம் ஒன்றுதான். கார்டை எடுக்கவும் என்று சொல்லும். நானும் சரி என்பேன். தனியாக இருப்பது பழகிவிடும் என்பார்கள். எனக்குப் பழகவில்லை, சார். ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமை காலையும் புதிதாகத்தான் இருந்தது.

பிப்ரவரியில் ஒரு நாள், செர்ரி பை சாப்பிடும்போது ராய்ஸ் சொன்னான்.

"டேய் கிரப், வீட்டை விக்க விலை பேசிட்டேன்."

"எந்த வீட்டை?"

"எனக்கென்ன பத்து வீடா இருக்கு? டெக்சாஸ் போறேன்டா. மக ஜோலீன் அவ வீட்டுப் பின்பக்கம் ஒரு ரூம் கட்டி வச்சிருக்கா. பேரப்புள்ளைங்களைப் பாத்துக்கிட்டுக் கிடக்கலாம். பனி வழிக்கிற பாடு இல்லை."

"எப்போ?"

"ஏப்ரல்ல. மூஞ்சியை ஏன்டா அப்படி வச்சிருக்கே? செத்தா போறேன்? போன்ல பேசிக்கலாம்."

போனில் பேசிக்கொள்ளலாமாம். அவனுக்குப் போனில் ஒரு வார்த்தை கேட்காது. நான் இடப்பக்கம் நெருங்கி நின்று காதுக்குள் கத்தினால்தான் கேட்கும். அது அவன் நினைவுக்கே வரவில்லை. மகளைப் பற்றி, நாயைப் பற்றி, இறைச்சி சுடும் அடுப்பைப் பற்றியெல்லாம் பேசிக்கொண்டே இருந்தான். எனக்கு வயிறு எரிந்தது. அதையும் எழுதிக்கொள்ளுங்கள். நான் எதையும் மறைக்க வரவில்லை.

மார்ச் முதல் சனிக்கிழமை. எங்கள் கடைசித் துப்பாக்கி என்று அவன் சொல்லிக்கொண்டே வந்தான். எண்பத்தொன்பது டாலர். பிடியில் விரிசல், அதற்குக் கருப்பு டேப் ஒட்டியிருந்தது. டாரதி என்று பெயர் வைத்தான். அது அவனுடைய முதல் மனைவியின் பெயர்.

தோட்டா வாங்கும்போது நான் தடுத்தேன். இது உண்மை, அடகுக் கடைக்காரரைக் கேட்டுப் பாருங்கள். யாரோ வீட்டில் உட்கார்ந்து நிரப்பிய தோட்டாக்களை ஒரு பிளாஸ்டிக் பையில் கட்டி விற்றார். வேண்டாம், கம்பெனி டப்பாவில் வருவதை வாங்கு என்றேன்.

"எண்பத்தொம்பது டாலர் துப்பாக்கிக்கு ராஜ விருந்தா? போடா," என்றான் ராய்ஸ்.

ரேஞ்சில் குளிர். எங்களைத் தவிர யாருமில்லை. ரேஞ்சின் முதலாளி மார்வ் உள்ளே ஹீட்டர் பக்கத்தில் இருந்தார். ஒன்பதாவது குண்டில் சிக்கியது, பந்தயத்தில் நான் ஜெயித்தேன். பிறகு பதினான்கில், பதினேழில். ஒவ்வொரு தடவையும் ஸ்லைடை இழுத்துச் சரிசெய்து சுட்டான். கைக்கு அது பழக்கமாகிவிட்டது. சிக்கினால் இழு, சுடு.

இருபத்திரண்டாவது குண்டுக்கு வெடிச் சத்தம் வரவில்லை. டப் என்று ஒரு சத்தம், டின் மூடியைத் திறந்தது போல. துப்பாக்கி பிடித்த எவனுக்கும் அந்தச் சத்தம் தெரியும். தோட்டாவுக்குள் வெடிமருந்து போதவில்லை, குண்டு வெளியே போகாமல் குழலுக்குள்ளேயே நின்றுவிட்டது என்று அர்த்தம். அதன் பின்னால் இன்னொன்றைச் சுட்டால் துப்பாக்கி கையோடு சிதறும். அந்தச் சத்தம் கேட்டால் யாரென்று பார்க்காமல் எல்லோரும் நிறுத்து என்று கத்தவேண்டும். மார்வின் ரேஞ்சில் அதைச் சிவப்பு எழுத்தில் எழுதிச் சுவரில் மாட்டியிருக்கிறார்கள்.

ராய்ஸுக்குச் சத்தம் கேட்கவில்லை. கையில் உதை குறைவாக இருந்திருக்க வேண்டும். ஸ்லைடை இழுத்துவிட்டான். வழக்கம்போலச் சிக்கல் என்றுதான் நினைத்திருப்பான். ஆனாலும் ஏதோ தோன்றி என்னைத் திரும்பிப் பார்த்தான்.

நான் கட்டைவிரலைத் தூக்கினேன்.

யோசிக்க நேரமிருந்ததா என்று கேட்பீர்கள். இருந்தது. மூன்று வினாடி இருக்கும். ஒரு மனிதனுக்கு அது நிறைய நேரம். அந்த மூன்று வினாடியில் நான் ஏப்ரல் மாதத்தை நினைத்தேன். பிறகு ஒரு அடி பின்னால் நகர்ந்து தூணுக்குப் பின்னால் நின்றுகொண்டேன்.

அவன் சாகவேண்டும் என்று நான் நினைக்கவில்லை. அப்படி நினைக்கிற ஆள் இல்லை நான். கையில் கொஞ்சம் அடிபடும், கட்டுப்போட்டுக்கொண்டு கோடைவரை இங்கேயே இருப்பான், அதற்குள் டெக்சாஸ் வெயிலை யோசித்து மனசு மாறலாம். இவ்வளவுதான் என் கணக்கு. வலது கையில் மூன்று விரல் போயிற்று. ஒரு இரும்புத் துண்டு கண்ணாடிக்கு மேலே நெற்றிக்குள் இறங்கி, இடப்பக்கம் கையும் காலும் இழுத்துக்கொண்டன. அது நான் கேட்டதைவிட அதிகம் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ரத்தத்தை நிறுத்த என் சட்டையைக் கழற்றிக் கட்டியது நான்தான். ஆம்புலன்ஸ்காரர் என் தோளைப் பிடித்து நீங்கள் இல்லாவிட்டால் ஆள் போயிருப்பார் என்றார். அது உங்கள் கோப்பிலும் இருக்கும்.

வீடு விற்பது நின்றது. இப்போதைக்குத் தூரப் பயணம் கூடாது என்றார்கள் டாக்டர்கள். ஜோலீனுக்கு வேலை, குழந்தைகள். இரண்டு வாரம் இருந்துவிட்டு அழுதுகொண்டே போனாள்.

"எல்டன் அங்கிள், நீங்க இருக்கிற தைரியத்துலதான் போறேன்," என்றாள்.

அந்த எட்டு மாதத்தைப் பற்றி யார் என்ன சொன்னாலும் சரி, என்னைவிட நன்றாக அவனை யாரும் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. காலையில் முட்டை, மத்தியானம் சூப். ஸ்பூனால் ஊட்டுவேன். முகம் மழிப்பேன். இடப்பக்கம் உட்கார்ந்து செய்தித்தாளைக் காதுக்குள் கத்திப் படிப்பேன். அவன் எல்லாச் செய்தியையும் நக்கல் பண்ணுவான். செவ்வாய்க்கிழமையில்கூடச் சிரித்தோம், சார். புதன்கிழமையில்கூட. என் வாழ்க்கையில் அப்படி ஒரு வருடம் வந்ததில்லை.

போன வாரம் டாக்டர் இனிப் பயணம் போகலாம் என்று சொல்லிவிட்டார். முந்தாநாள் ஜோலீன் வந்து இறங்கினாள். சாமான்களைப் பெட்டியில் போட ஆரம்பித்துவிட்டாள். நேற்று ராய்ஸ், மிச்சமிருக்கும் இரண்டு விரலால் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதான்.

"நீ மட்டும் இல்லைன்னா நான் நாறிப் போயிருப்பேன்டா, கிரப். உனக்கு நான் என்ன கைமாறு பண்ணப் போறேன்?"

"இங்கயே இருடா," என்றேன்.

"மகள் கூப்பிடறாளேடா."

ராத்திரி பூராவும் படுத்துப் பார்த்தேன். மனசாட்சி என்று ஒன்று இருக்கிறதல்லவா. நண்பனிடம் இவ்வளவு பெரிய விஷயத்தை மறைத்து வழியனுப்புவது எந்த ஊர் நியாயம்? விடிந்ததும் சட்டை மாற்றிக்கொண்டு இங்கே வந்தேன். கட்டைவிரலைத் தூக்கியது நான். தெரிந்தே தூக்கினேன். அப்படியே எழுதுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். வக்கீல் வேண்டாம். ஆனால் குற்றத்தை நான் ஒப்புக்கொண்டாலும் நேராகத் தண்டனைக்குப் போய்விடாதீர்கள், முறையாக விசாரணை நடக்கட்டும். எத்தனை மாதம் இழுத்தாலும் எனக்குச் சம்மதம். வெளியே வரவேற்பு மேஜையில் உட்கார்ந்திருக்கும் அம்மாவிடம் விசாரித்தேன், முக்கிய சாட்சி என்றால் விசாரணை முடியும்வரை ஊரில் இருக்கச் சொல்வார்களாம்.

அவர்கள் ஞாயிற்றுக்கிழமை காலை கிளம்புகிறார்கள். அதற்குள் சம்மன் ராய்ஸ் கைக்குப் போய்ச் சேர்ந்துவிடும் இல்லையா, சார்?