அம்மா பார்த்த முகம்

— அந்தச் சூரியன் படம் போட்ட பட்டனை நான் அமுக்காமலா இருப்பேன்? தேய்ஞ்சே போச்சுடா தம்பி. நீயே அமுக்கிப் பாரு.

— இரு இரு, அக்கா. கோடு மேல ஏறுது பாரு. முழுசா ஏறிடுச்சு.

— கோடு ஏறுது, வெளிச்சம் ஏறுதா? கிணத்துக்குள்ள எட்டிப் பார்க்குற மாதிரி இருக்கு. போன வருஷம் நீ வந்து புது ஆப்பரேட்டிங் சிஸ்டம் போடுறேன்னு உட்கார்ந்த. அன்னைக்கிலேர்ந்து இந்த லேப்டாப்புக்கு இந்தக் கோலம்தான்.

— பழசு ரொம்ப இழுத்துச்சுக்கா. ஆன் பண்ணிட்டுப் போய் குளிச்சுட்டு வரலாம்டான்னு அம்மாவே சொன்னா. வேகமா இருக்கட்டும்னுதான் மாத்தினேன்.

— வேகத்துக்கு ஒண்ணும் குறைச்சல் இல்ல. இருட்டுல ஓடுச்சு, அவ்வளவுதான்.

— தூக்கிப் போட்டுட்டுப் புதுசு வாங்கித் தரேனே.

— அம்மா போனதுக்கப்புறம் அவ தொட்ட பொருள் எதையும் தூக்கிப் போட எனக்கு மனசு வரலடா. என் பாப்பா படிக்க எடுத்துக்கட்டும். ஜன்னலைச் சாத்தட்டுமா? வெயில் நேரா விழுது.

— சாத்து. இதுல அம்மா என்னைப் பார்த்து எப்படித்தான் பேசினாளோ!

— போர்வைக்குள்ள.

— என்னது?

— ஞாயித்துக்கிழமை நீ கூப்பிடுற நேரம் ஆச்சுன்னா, இந்தக் கட்டில்ல ஏறி உட்கார்ந்து, தலையோட போர்வையை இழுத்து விட்டுக்குவா, லேப்டாப்பையும் சேர்த்து. வெளிச்சம் பட்டா உன் முகம் தெரியாதாம். உள்ளேர்ந்து ‘சாப்பிட்டியாப்பா’ன்னு சத்தம் மட்டும் வரும். பாப்பா விழுந்து விழுந்து சிரிப்பா.

— எனக்கும் அவ முகம் தெரியாது. கேமராவைக் கையால மறைச்சுட்டு உட்கார்ந்திருக்கான்னு நினைச்சேன். லைட்டைப் போடும்மான்னு கத்துவேன்.

— போட்டா அவளுக்கு நீ தெரிய மாட்டியே.

— மங்கலா இருக்குப்பான்னு ஒரே ஒரு தடவைதான் சொன்னா. அடுத்த தடவை வரும்போது பார்க்குறேன்னு சொல்லிட்டேன்.

— அடுத்த தடவை நீ எதுக்கு வந்து நின்னன்னு உனக்கே தெரியும்.

— குத்திக் காட்டாதக்கா.

— குத்தலடா. வாயில வந்துடுச்சு. நீ வேலையைப் பாரு.

— ம்… இது போனா… ஆங், கண்டுபிடிச்சுட்டேன். திரையோட வெளிச்சத்தைப் பார்த்துக்குறவன் ஒருத்தன், புது சிஸ்டம் போய்க் கேட்குறது வேற ஒருத்தன்கிட்ட. ஸ்டார்ட் ஆகுற இடத்துல ஒரு வரி சேர்த்துட்டா சரியாயிடும்.

— ஒரே வரியா?

— ஒரே வரி. அணைச்சுத் திரும்ப ஆன் பண்ணணும். இரு இரு… இப்பப் பாரு.

— அம்மாடி! கண்ணு கூசுதுடா.

— ஒரு காபி ஆறுற நேரத்து வேலைக்கா இது. உன்னைப் பக்கத்துல உட்கார வெச்சுக்கிட்டு போன்லயே சொல்லியிருக்கலாம். சொல்லல.

— சரி, விடு.

— எதை விட? வாரா வாரம் எப்படிம்மா இருக்கன்னு கேட்டுட்டுத்தானே இருந்தேன்? எனக்கென்ன, கல்லு மாதிரி இருக்கேன்னா. நீயும் வாயைத் திறக்கல. அம்மாவுக்கு ஆபரேஷன் வரைக்கும் போயிருக்கு, எல்லாம் கை மீறினதுக்கப்புறம் எனக்கு போன்.

— நான் சொல்லத்தான் கிளம்பினேன். அவதான் என் கையைப் பிடிச்சுக்கிட்டு, அவன்கிட்ட மூச்சு விட்டுடாதன்னு சத்தியம் வாங்கிட்டா.

— ஏன்? ரயிலேறினா ஒரு ராத்திரிப் பயணம். ஓடி வந்திருக்க மாட்டேனா?

— கேமரா வேலை செய்யுதான்னு பார்த்துக் குடுத்துடு. பாப்பாவுக்கு வேணும்.

— பேச்சை மாத்துற. சரி, என் போன்லேர்ந்து கூப்பிடுறேன், அதுல எடு. நான் தெரியுறேனா?

— தெரியுறடா. பளிச்சுன்னு தெரியுற. தம்பி… இதைப் பழையபடி மங்கலாக்க முடியுமா?

— எதுக்கு? இப்பதானே சரி பண்ணேன்!

— கொஞ்ச நேரத்துக்குக் குறையேன். முன்ன எவ்வளவு இருந்துச்சோ அந்த அளவுக்கு.

— குறைச்சாச்சு. போதுமா? …என்னக்கா, ஏன் அழுற?

— பாவி, இதைத்தான் பார்த்துக்கிட்டு இருந்தாளா! கண்ணு ரெண்டும் குழி விழுந்து, கன்னம் ஒட்டி, சாம்பல் பூத்த மாதிரி…

— நான் எங்க இளைச்சேன்? சட்டைப் பட்டன் போட முடியாம திண்டாடுறேன்.

— எனக்கு இப்பத்தான்டா புரியுது. நான் உன்கிட்ட வாய்ப்பேச்சோட சரி, வீடியோவுல முகம் பார்த்துப் பேசினதே இல்ல. அவ சொன்னதை அப்படியே நம்பிட்டேன். நீ வந்து வாசல்ல நின்னப்ப, நல்லாத்தானே இருக்கான்னு திகைச்சுப் போனேன். அந்த நேரத்துல உன்கிட்ட எதைக் கேட்க?

— அம்மா என்னதான் சொன்னா? மறைக்காம சொல்லுக்கா.

— ‘அவனுக்கு என்னமோ பெரிய நோவு, நம்மகிட்ட மறைக்கிறான்டி. வாரத்துக்கு வாரம் முகம் இருண்டுக்கிட்டே போகுது. அந்தப் பிள்ளை தலையில என் நோவையும் ஏத்தி வெச்சுடாத’ன்னா.