கோடு விழுந்த பூ

"ஹலோ... ஹலோ, மச்சானா? ... நான்தான், உங்க அக்கா வீட்டுக்காரன். ... ஆமா, ஆமா, அவ நல்லாத்தான் இருக்கா, அவளுக்கு என்ன கேடு. ... பக்கத்துல நெட்டையன் இருக்கானா? ... வெளியிலயா? நல்லதாப் போச்சு. கதவைச் சாத்து."

சொன்னவர் தன் அறைக் கதவையும் காலாலேயே தள்ளிச் சாத்திக்கொண்டார். கிழக்குத் தோட்டத்துக்கு இவர் தலைமைத் தோட்டக்காரர், மேற்குத் தோட்டத்துக்கு நெட்டையன். இருவரும் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். நெட்டையனை யாராவது கெட்டிக்காரன் என்று சொல்லிவிட்டால் அன்றைக்கு இவருக்குச் சாப்பாடு இறங்காது. மனைவியின் தம்பி அங்கே வேலை பார்த்ததால் உளவுக்குப் பஞ்சமில்லை.

"நேத்து கூட்டமா? ... எவ்வளவு? ... அடேயப்பா! எல்லாம் அந்தக் கோடு போட்ட துலிப்பைப் பார்க்கத்தானா? ... ம்... ம்... எனக்கென்ன பொறாமை? எனக்கு எதுக்குடா பொறாமை? சும்மா கேட்டேன். ... கதை வேற சொல்றானா? என்ன கதை? ... மலையில பொறந்த பூ, குளிர்ல தூங்கி எழுந்தாத்தான் பூக்கும்... சரி... தலைப்பாகை மாதிரி இருக்கறதால அந்தப் பேரு வந்துச்சு... டேய்! அது நான் சொன்ன கதைடா! டீக்கடையில நான்தான் அவனுக்குச் சொன்னேன். என் வாயிலேர்ந்து பிடுங்கி ஊருக்கே சொல்லிக்கிட்டிருக்கான் பாரு!

"... சரி, சரி, கத்தல. கூப்பிட்ட விஷயத்தைக் கேளு. எனக்கும் வந்துருச்சு! ... கோடுதாண்டா! வெள்ளைக் கோடு! காலையில போய்ப் பார்க்கிறேன், என் சிவப்புத் துலிப்புல ஏழு பூவுல நாக்கு நாக்கா வெள்ளை. ... எப்படியா? போன வருஷம் அவன் கிழங்கைத் தோண்டிக் கொட்டகையில காய வச்சிருந்தானே, நீகூட வாசல்ல காவல் நின்னியே... ஆமா, அந்த ஒரு கிழங்குதான். என் பாத்திக்கு நட்டநடுவுல வச்சேன். சுத்தி இருக்கிறதுக்கெல்லாம் தொத்திக்கிச்சு! அழகு தொத்தும்னு எனக்கே இப்பத்தாண்டா தெரியும். ... வெள்ளிக்கிழமை போட்டோக்காரர் வரட்டும். தோட்டப் புத்தகத்து அட்டையில யார் பூ வருதுன்னு பார்த்துடலாம். ...

"என்ன? ... பிடுங்குறானா? எதை? ... பூத்த பூவையா? ... கிழங்கோடயா? அவனுக்கென்ன பைத்தியமா? ... எரிக்கவா? ..."

நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டார் தோட்டக்காரர்.

"... நோயா? ... அந்தக் கோடா? ... யாரு சொன்னது? ... இலையைச் சோதனைக்கு அனுப்பி... ம்... அசுவினிப் பூச்சி இதுல சாறு குடிச்சுட்டு அதுல போய் உட்கார்ந்தா... ம். ... கிழங்கு வருஷா வருஷம் சிறுத்து, கடைசியில ஒண்ணுமில்லாமப் போயிடுமா. ... ம்."

ஜன்னலுக்கு வெளியே தொள்ளாயிரம் சிவப்பு நின்றது. நாலு வருஷமாக, இலை பழுத்ததும் தோண்டி, தாய்க்கிழங்கிலிருந்து குட்டி பிரித்து, குளிர் அறையில் பதினாலு வாரம் வைத்து வைத்துப் பெருக்கியவை. நீங்க அந்தக் குளிர் அறையிலேயே பாயைப் போட்டுக்குங்க என்று மனைவி சொல்லும் அளவுக்குப் பார்த்துக்கொண்டவை.

"முன்னாடியே சொல்றதுக்கென்னடா? ... உனக்கும் இன்னிக்குத்தான் தெரியுமா. ... இரு, யார்கிட்ட போனைக் குடுக்கிறே? ... வேண்டாம் மச்சான்! டேய், டேய்...

"... ம். நான்தான். சொல்லு, நெட்டை. ... கேள்விப்பட்டேன். ... எல்லாத்தையுமா? ... ஆயிரத்து இருநூறா! ... அழாதடா. ... சரி, சரி, நீ அழல, ஜலதோஷம். ... எல்லாத் தோட்டத்துக்கும் நீயே சொல்றியா? ... என்கிட்டயா? ... இல்ல. ... இல்லப்பா, கோடும் இல்ல ஒண்ணும் இல்ல. சுத்தமா இருக்கு."

வெள்ளிக்கிழமை அவனிடம் ஒரு பூகூட இருக்காது என்று மனசு உள்ளே குதித்துக்கொண்டிருந்தது. தோட்டக்காரருக்கே வெட்கமாக இருந்தது. ஆனாலும் அது குதிப்பதை நிறுத்தவில்லை.

"... என்ன சொல்றே? ... வெள்ளை ரகமா? ... தள்ளித் தனியா தொட்டியில... சோதிச்சாச்சா, நோய் இல்லையா. சரி. ... பாதி எனக்கா? எனக்கு எதுக்கு? ... என் பாத்தி ஓரம் வெறிச்சுன்னு இருக்கா? நீ எப்போ வந்து பார்த்தே? ... உன் பூ போனாலும் என் பூவாவது அட்டையில வரணுமா. ... ம். ...

"நெட்டை. ... கொஞ்சம் இரு, என்னைப் பேச விடு. ... இருக்குடா. எனக்கும் இருக்கு. ஏழு பூவுல. ... அப்போ இல்லைன்னேன், இப்போ இருக்குங்கிறேன், போதுமா? ... எப்படி வந்துச்சுன்னா... உன் கிழங்குதான். போன வருஷம் உன் கொட்டகையிலேர்ந்து எடுத்தேன். திருடினேண்டா. உன்னைப் பார்த்து வயிறெரிஞ்சு திருடினேன். மச்சானுக்கு ஒண்ணும் தெரியாது, அவனை ஏதும் சொல்லாதே. ... ஹலோ? ... ஏதாவது சொல்லித் தொலையேன்! ...

"தெரியுமா? ... பார்த்தியா? எங்கேர்ந்து? ... பார்த்துட்டு ஏண்டா சும்மா இருந்தே? ... ஆசையா எடுக்கிறான், போனாப் போகுதுன்னு... விட்டுட்டியா. ..."

கழுத்துவரை சூடு ஏறியது அவருக்கு. கண்ணும் கலங்கியது, அதனால் கோபம் இன்னும் கூடியது.

"பாவி! ஒரு வருஷமா மனசுல வச்சுக்கிட்டே என்கூட சிரிச்சுப் பேசியிருக்கியே! சட்டையைப் பிடிச்சு நாலு கேள்வி கேட்டிருக்கக் கூடாதா? ... என்ன மன்னிப்பு? நான் கேட்டேனா உன்கிட்ட? இதுலயும் நீயேதான் பெரிய மனுஷனா இருக்கணுமா? ... ஆளோட வந்து பிடுங்கித் தர்றியா? வராதே! என் தொள்ளாயிரத்தையும் நானே பிடுங்கிக்கிறேன், இன்னிக்கே பிடுங்குறேன். உன் ஆளும் வேண்டாம், உன் வெள்ளைப் பூவும் வேண்டாம். ... வைக்கிறேன். ... நீ என்னடா வைக்கிறது? நான்தான் முதல்ல வைப்பேன்! நீ இரு, நான்... ஹலோ? ... ஹலோ?"