அப்பாவுக்குக் காட்ட வேண்டிய படம்

மண்ணெண்ணெய் வரிசையில் நிற்பவர் காதைப் பொத்திக்கொண்டா நிற்க முடியும்? கொடிகாமத்துச் சங்கக்கடை வாசலில் எனக்கு முன்னால் இரண்டு பெண்கள். இளையவள் கையில், கனடாவிலிருந்து மகன் அனுப்பிய படம். பீட்சாக் கடையொன்றில், கூட்டாளிமார் நடுவில், வாய் நிறைய வைத்துக்கொண்டு சிரிக்கிறான்.

“என்ன பிள்ளை, உதுக்கு மேலை கிடக்கிறது இறைச்சியெல்லே?” என்றாள் மூத்தவள்.

“ஓம் அக்கா.”

“பின்னாலை திகதி போட்டிருக்கு, பார். தேப்பன்ரை முப்பத்தோராம் நாள் காரியமும் முடியேல்லை, அதுக்குள்ளை உவனுக்கு இறைச்சி கேக்குதோ?”

“மெல்லக் கதையுங்கோ. அவனுக்கு நான் இன்னும் அறிவிக்கேல்லை.”

“விசரே உனக்கு? மூத்த பொடியனெல்லே!”

“அறிஞ்சால், அங்கை அகதிக் கேசையும் விட்டிட்டு ஓடி வந்திடுவான். வாற வழியிலை ஆமிக்காரர் பிடிச்சாங்களெண்டால்? ஒருத்தரைக் குடுத்தது காணும், அக்கா.”

மூத்தவள் வெறும் போத்தலைக் கைமாற்றிப் பிடித்தாள். வேறு பக்கம் பார்த்தாள். பிறகு கேட்டாள்:

“கடிதத்திலை என்ன எழுதியிருக்கிறான்?”

“படத்தை அப்பாவுக்கும் காட்டச் சொல்லி.”

“காட்டினனியோ?”

“ஓம். அவரின்ரை மாலை போட்ட படத்துக்கு முன்னாலை வைச்சுக் காட்டினனான்.”

வரிசை இரண்டடி நகர்ந்தது.

“பாத்திட்டு அப்பா என்ன சொன்னவர் எண்டும் கேட்டிருக்கிறான்.”

“என்ன எழுதப் போறாய்?”

“வடிவாச் சாப்பிடச் சொன்னவர் எண்டு.”