தேனீப் பெட்டி வாடகைக்கு

டீ நன்றாக இருக்கிறது சார். சர்க்கரை வேண்டாம் என்றதும் கேட்டுச் செய்தீர்கள், நன்றி. இனிப்பு எனக்கு இப்போது இறங்குவதில்லை.

தேனியில் தொழில் பயிற்சி வகுப்பு எடுத்த ஷெரின் மேடம் ஒன்றைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார். திட்டம் நடைமுறைக்கு வர வேண்டுமானால் முதலில் தேவை இருக்க வேண்டும். என் திட்டம் தேனீப் பெட்டி வாடகை. ஏலக்காய்ச் செடி பூக்கும்போது மேகமலை எஸ்டேட்டுகளில் பெட்டிகளை வைத்தால் காய்ப்புக் கூடும். மேடம் கைதட்டினார்.

அதற்குமுன் கோழிப்பண்ணை, திராட்சை ஜூஸ் என்று இரண்டு தொழில் கவிழ்ந்திருந்தது. "இதுவும் படுத்துருச்சுன்னா நானும் பிள்ளயும் எங்கன போயி விழுகுறது?" என்று என் மனைவி முனீஸ்வரி கேட்டாள். அவள் அழாமல் கேட்டதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

எஸ்டேட் மேனேஜர் ஸ்டான்லி பெட்டியைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. "காட்டு ஈ சும்மாவே வந்து மொய்க்குது. ஒனக்கு எதுக்குய்யா வாடக?"

நியாயமான கேள்வி. எஸ்டேட்டை ஒட்டிய காட்டில் ஒவ்வொரு மரப்பொந்தாகத் தேடிப்போய், ஏலத்துக்கு அடிக்கும் பூச்சிமருந்தைத் தண்ணீர் கலக்காமல் பீய்ச்சினேன். ஈக்கள் அதிகம் துடிக்கவில்லை.

வேல்பாண்டி அந்தக் காட்டில் தேன் எடுப்பவன். ஒருநாள் வாயெல்லாம் பல்லாக வீட்டுக்கு வந்தான். "ஈயெல்லாம் தேனடைய விட்டுட்டு ஓடிப்போச்சுண்ணே. ஒரு கொட்டு வாங்கல. பாப்பாவுக்குக் குடுங்க" என்று ஒரு பாட்டிலை நீட்டினான். இன்னொன்று அவன் மகள் யுவராணிக்கு.

வாங்கிக்கொண்டேன். அவன் தெருமுனை திரும்பும்வரை பார்த்துக்கொண்டே நின்றேன். கூப்பிட்டிருந்தால் நின்றிருப்பான். ஏன் என்று கேட்டிருப்பான். விஷயம் ஸ்டான்லி காதுக்குப் போயிருக்கும். என் பாட்டிலைச் சாக்கடையில் ஊற்றிவிட்டு, சோப்புப் போட்டுக் கையைக் கழுவினேன்.

யுவராணிக்குத்தான் முதலில் கொடுத்தானாம். மறுநாள் மாலையோடு போனேன். வேல்பாண்டி என் தோளில் சாய்ந்து அழுதான். அங்கே நிற்கும்போதுதான் ஸ்டான்லியின் போன் வந்தது. "தோட்டத்துல ஈயே காணோம்யா. இருக்குற பெட்டியெல்லாம் அனுப்பு." முனீஸ்வரி அன்றைக்குத்தான் ரொம்ப நாளைக்குப் பிறகு சிரித்தாள்.

மருந்து அடித்தது நான். சொல்லாமல் விட்டதும் நான். யுவராணியைக் கொன்றதாகவே எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஒன்று மட்டும் சார். எஸ்டேட்டிலிருந்து எடுத்துவந்த என் பெட்டிகளை ஸ்டேஷன் வாசலில் வெயிலில் வைத்திருக்கிறீர்கள். நிழலுக்கு மாற்றச் சொல்லுங்கள். வாயில்லா ஜீவன்கள், பாவம்.