பொறவாசல் வழியா வந்த மாசிலாமணி

வேதப் புஸ்தகத்தை ஒரு நிமிஷம் மடியில மூடி வைங்க. கடைசி வரிசைக்குத் தூக்கம் வந்துட்டு, இங்க இருந்தே எனக்குத் தெரியுது. ஒரு குட்டிக் கதை சொல்லுதேன். கண்ணை மட்டும் தொறந்து வைங்க, போதும்.

ஒரு டவுன் சபை. பஸ் பிடிச்சு பழைய இடங்களைப் பார்க்கக் கிளம்புனாங்க. அந்தக் காலத்துக் கோயில், வெள்ளைக்கார மிஷனரி ஐயர் குடியிருந்த பங்களா, அவர் போட்ட தென்னந்தோப்பு, கடைசியா ஒரு மியூசியம். பிள்ளைங்க சரித்திரம் தெரிஞ்சுக்கணுமாம். நல்லது தானே?

இந்த டூருக்குத் தலைவர் கோயில்பிள்ளை. ரிட்டயர்டு ஹெட்மாஸ்டர், சபையில பெரிய மனுஷன். தன் கண்ணுக்கு எதுவும் தப்பாதுன்னு அவரே எல்லார்கிட்டயும் சொல்லுவாரு! அதே பஸ்ல மாசிலாமணின்னு ஒருத்தர். மின்சார வாரியத்துல வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், சபைக்குப் புதுசு. தோள்ல ஒரு துணிப்பை. வாயைத் தொறந்து ரெண்டு வார்த்தை பேச மாட்டார்.

கோயில் வந்தது. பெரிய முன்வாசல், விரியத் தொறந்து கிடக்கு. எல்லாரும் அது வழியா உள்ள போறாங்க. மாசிலாமணி? சுவரைச் சுத்திக்கிட்டு... பொறவாசல் வழியா உள்ள வாரார்.

கோயில்பிள்ளை பார்த்துட்டார். பார்க்காம விடுவாரா?

"ஏ, அந்தாளு எதுக்குப் பொறவாசல் பக்கம் போறான்?"

பக்கத்துல நின்ன அம்மா சொன்னாங்க, "வெயிலுக்கு ஒதுங்கியிருப்பார் சார்."

பங்களாவுக்குப் போனாங்க. எல்லாரும் முன் வராந்தாவுல போட்டோ எடுக்காங்க. மாசிலாமணி சமையக்கட்டு வழியா வந்து நிக்கார். தோப்புக்குப் போனாங்க. எல்லாரும் முன் கேட் வழியா. இவர் மட்டும் வேலி ஓரமா, பம்ப்செட்டு பக்கம்!

போதாதா, அன்பானவங்களே? சந்தேகத்துக்கு இதுக்கு மேல என்ன தீனி வேணும்? பஸ் பூரா குசுகுசுன்னு ஆயிட்டு.

"பழைய சாமான் திருடுத கூட்டம் ஒண்ணு சுத்துதாம்..."

"அந்தப் பைக்குள்ள என்ன இருக்கு? கையை விட்டு இறக்கவே மாட்டேங்காரே..."

கோயில்பிள்ளைக்கு இன்னொரு சந்தேகம். "என் மூஞ்சியையே பார்த்துக்கிட்டு வாரான். நான் அசந்தா கைவரிசையைக் காட்டலாம்னு பார்க்கான்."

மியூசியம் வந்தது. முந்தி பள்ளிக்கூடமா இருந்த கட்டடம். மாசிலாமணி வழக்கம் போல பொறவாசல். உள்ள போய் கொஞ்ச நேரம் கூட ஆகல... அங்க காவல் இருந்த அம்மா சத்தம் போடுதாங்க:

"ஐயா! மேசை மேல இருந்த வெண்கலக் கைமணியைக் காணோம்!"

சொல்லணுமா? அத்தனை கண்ணும் ஒரே ஆள் மேல!

கோயில்பிள்ளை பாய்ஞ்சு வந்தார். "வேய், பையைக் கொட்டும்! கொட்டும்னு சொல்லுதேன்! மணி இருந்துச்சுன்னா நேரா போலீஸ்தான். சபையில இருந்தும் உம்ம பேரை எடுத்துருவோம்."

மாசிலாமணி என்ன செய்வார்? அந்த வயசுல, அத்தனை பொம்பளைங்க பிள்ளைங்க முன்னால... பையைக் கவுத்தார். என்ன விழுந்தது? ஒரு பொட்டலம் புளிச்சோறு. ஒரு துண்டு. வீட்டுக்கார அம்மாவுக்கு வாங்குன பனங்கற்கண்டு. அவ்வளவுதான்.

அந்நேரம் காவல்கார அம்மா தலையில அடிச்சிக்கிட்டு வாராங்க. "ஐயோ, என் புத்தியை என்ன சொல்ல! புளி போட்டுத் தேய்ச்சு வெயில்ல காய வச்சதே நான்தான்யா!"

இதோட விட்டிருக்கலாம். மன்னிச்சிக்கிடும்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். பெரிய மனுஷன் சொல்லுவாரா? திருப்பிக் கேட்டார்:

"மணி கிடைச்சிட்டு, சரி. நீரு ஏன் எல்லா இடத்துலயும் கள்ளன் மாதிரி பொறவாசல் வழியா வாரீரு? அதைச் சொல்லும்."

மாசிலாமணி குனிஞ்சு சோத்துப் பொட்டலத்தை எடுத்தார். மெதுவாத்தான் சொன்னார்.

"நான் வேணும்னு போகல ஐயா. நம்ம டவுன் கோயில் புதுக் கட்டடம், அங்க ஒண்ணும் தோண மாட்டேங்கு. இந்த மாதிரி பழைய இடத்தைப் பார்த்தா கால் தன்னால பின்பக்கம் போயிருது. சின்னப் பிள்ளையில எங்க ஊர்க் கோயில்ல முன்வாசல் எங்க தெருவுக்குக் கிடையாது. அப்படிப் பழகிப்போச்சு."

"எந்த ஊரு?"

"உங்க ஊருதான் ஐயா. அந்த முன்வாசல்ல எங்களை மறிச்சுக்கிட்டு நின்னது... உங்க அப்பா. நீங்க அவரை அப்படியே உரிச்சு வச்சிருக்கீங்க. அதான் காலையில இருந்து உங்களையே பார்த்துக்கிட்டு வந்தேன்."

...

கோயில்பிள்ளை என்ன செய்தாருன்னு கேக்கீங்களா? கட்டிப்பிடிச்சு அழுதாருன்னு சொன்னா உங்களுக்கு நல்லா இருக்கும். இல்ல. நேரா போய் பஸ்ல உட்கார்ந்துட்டார். திரும்பி வார வழியில இன்னொரு கோயில் இருந்தது. எல்லாரும் இறங்குனாங்க. அவர் மட்டும் இறங்கல. எந்த வாசல் வழியா போகணும்னு அவருக்குத் தெரியல.

இப்ப உங்களைக் கேக்கேன். ஒருத்தன் ஒதுங்கி நின்னா 'என்னத்தையோ மறைக்கான்'னு சொல்லுதோம். பின்னால வந்தா 'திருட வாரான்'னு சொல்லுதோம். அவனை ஒதுக்குனது யாரு? முன்வாசலை அடைச்சது யாரு? அந்தக் கேள்வி வந்தா மட்டும் நமக்குக் காது கேக்காது! சந்தேகப்படுங்க, நான் வேண்டாம்னு சொல்லல. ஆனா சந்தேகத்தை நம்ம வீட்டு வாசல்ல இருந்து ஆரம்பிங்க.

இன்னைக்கு உங்க சபையில அசனம். எல்லாரும் ஒண்ணா உட்கார்ந்து சாப்பிடுத பந்தி. ரொம்ப சந்தோஷம். ஆனா வரும்போதே பார்த்தேன்... பந்தலுக்குப் பின்னால தனியா ஒரு வழி விட்டிருக்கீங்க. யாருக்கு அது? சமையல்காரங்களுக்கா? சரி, நம்புதேன்... இருந்தாலும் ஆமென் சொன்ன கையோட, நான் முதல்ல அங்க போய் நின்னு பார்த்துட்டுத்தான் பந்தியில உட்காருவேன்.