மூன்று நாள் பிளாஸ்திரி

பிளாஸ்திரி ஒட்டுவதில் எனக்குக் கைராசி உண்டு, டாக்டரம்மா. சுருக்கம் விழாது, ஓரம் தூக்காது.

அதனால்தான் என் கணவரின் முதுகுவலிக்கு மருந்துப் பிளாஸ்திரி எழுதிக் கொடுத்தபோது, ஒட்டும் பொறுப்பை என்னிடம் விட்டீர்கள். மருந்து கொஞ்சம் கொஞ்சமாகத் தோல் வழியே இறங்கும், ஒன்று ஒட்டினால் மூன்று நாள் தாங்கும், முதுகோ தோளோ எங்கே ஒட்டினாலும் வேலை செய்யும் என்றீர்கள். யார் முதுகு என்று அழுத்திச் சொல்லவில்லை.

எனக்கும் இடுப்புவலி. ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் இருபத்தாறு வருஷம் ஈரப் போர்வை தூக்கிய இடுப்பு.

"உனக்கென்ன வலி? வயசாச்சு, அவ்வளவுதான்" என்பார். என்னைவிட ஆறு வயது மூத்தவர்.

முதல் பிளாஸ்திரியை நான் ஒட்டிக்கொண்டேன். காயத்துக்குப் போடுகிற சாதாரணப் பிளாஸ்திரியை அவருக்கு ஒட்டினேன். நிறம் ஒன்றுதான். அன்று குனிந்து வாளியைத் தூக்கினேன். வேலை ஒன்றும் இல்லாமலே இன்னொரு தடவையும் குனிந்து பார்த்தேன்.

அவரும் எழுந்து நடந்தார். அதை மட்டும் நான் எதிர்பார்க்கவில்லை.

"பாத்தியா, மருந்துன்னா இது மருந்து."

"ஆமாங்க, எனக்கே தெரியுது."

நாலாவது வாரம் உங்கள் முன்னால் ஜம்பமாக உட்கார்ந்து எழுந்து காட்டினார். இனி வேண்டாம் என்று சீட்டில் கோடு போட்டுவிட்டீர்கள். என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். மூன்றாம் நாள் வாளி தரையை விட்டு எழவில்லை.

ஆகவே, அவர் பேப்பர் படிக்கிற நாற்காலியின் இடது பக்கத்துக் கால்கள் இரண்டையும் விரற்கடை அளவு அறுத்தேன். வலது பக்கத்தைத் தொடவில்லை.

"ஏம்மா, தரை சரிஞ்சிருக்கு போல."

நில அளவைத் துறையில் தலை நரைத்தவர். குற்றத்தை நிலத்தில்தான் தேடுவார். ரசமட்டம் வைத்துப் பார்த்தார். தரை சரியாகத்தான் இருந்தது.

"ரசமட்டம் கெட்டுப்போச்சு" என்று சொல்லிவிட்டு, மறுபடி அதே நாற்காலியில் சாய்ந்துகொண்டு பேப்பரை விரித்தார்.

பத்து நாள் அப்படிப் படித்தார். பதினோராம் நாள் எழ முடியவில்லை.

"அந்தப் பிளாஸ்திரி இல்லாம ஆகாது போலிருக்கே."

"அதைத்தாங்க நானும் நினைச்சேன்."

கைத்தாங்கலாக உங்களிடம் அழைத்து வந்தேன். வலி இந்தத் தடவை கடுமை என்று, ஒரே நேரத்தில் இரண்டு ஒட்டச் சொன்னீர்கள்.

இன்று அவருடைய செருப்பை எடுத்துக் கொடுக்க நான் குனிந்தபோது, என் இடுப்பில் நீங்கள் பார்த்தது அதில் ஒன்றுதான். தனியே கூப்பிட்டுக் கேட்கிறீர்கள். மறைக்க என்ன இருக்கிறது?

ஆனால் பேராசைக்காரி என்று மட்டும் என்னை நினைத்துவிடாதீர்கள், டாக்டரம்மா. மற்றொன்றை அவருக்கே ஒட்டிவிட்டேன்.