தங்கையின் ரவுட்டர் பிழைத்த கதை

பழுதானதைப் பரணில் போடாமல் பழுதுபார்க்கத் துணிந்தவர்கள் கூடியிருக்கும் இந்த விழாவுக்குத் தலைமையேற்றிருக்கும் தையற்கடை அம்மா அவர்களே! முன்வரிசையை முந்திவந்து பிடித்த பெரியோர்களே! மடியில் மிக்சியும் கையில் மின்விசிறியுமாக வந்திருக்கும் தாய்மார்களே! என் பேச்சைத் தன் கைகளால் பேசிக்கொண்டு அருகில் நிற்கும் சைகைமொழி ஆசிரியை அவர்களே! எல்லோருக்கும் என் பணிவான வணக்கம்.

வீட்டு மூலையில் விளக்குச் சிமிட்டும் வைஃபை ரவுட்டரைப் பற்றி மேடையேறிப் பேச என்ன இருக்கிறது என்கிறீர்களா? என் தங்கையைக் கேளுங்கள்! அவளுக்குக் காது கேட்காது. தொலைதூரத்தில் வேலை பார்த்த அவள் கணவருக்கும் கேட்காது. வீடியோ அழைப்பில் நமக்குப் படம் நின்றாலும் குரல் வரும். அவர்களுக்குக் கைதான் குரல், கண்தான் காது. படம் உறைந்தால் பேச்சே உறைந்தது!

எங்கள் வீட்டிலோ நான் ஒரு பக்கம் படம் பார்ப்பேன். என் பிள்ளைகள் ஒரு பக்கம் விளையாட்டு இறக்குவார்கள். ரவுட்டர் பெட்டி திணறும், திரையில் மாப்பிள்ளையின் கை பாதியில் நிற்கும். என்ன தம்பி, எழுதி அனுப்பலாமே என்கிறீர்களா? அனுப்பினார்கள்! வேலை ஒப்பந்தத்தை நீட்டிப்பதா, வீடு திரும்புவதா என்று எழுதி எழுதியே சண்டை முற்றியது. சண்டையை எழுதலாம், சமாதானத்தை முகம் பார்த்துத்தான் பேச வேண்டும். விடிந்தால் அவர் கையெழுத்துப் போட வேண்டும் என்ற நாளும் வந்தது. அன்று மாலைக்குள் பேசியாக வேண்டும்.

பெட்டியைச் செய்த நிறுவனத்தைக் கேட்டோம். "அது பழைய மாடல் சார். அப்டேட்டெல்லாம் நிறுத்தியாச்சு. புதுசு வாங்கிக்குங்க" என்றார்கள். உடல் உறுதியாக இருக்கிறது, உள்ளே ஓடும் மென்பொருளுக்குத்தான் மூப்பு. அதற்காகக் குப்பையில் போடுவதா? மாட்டேன் என்றாள் தங்கை. முகம் தெரியாத பலர் எழுதி, எவரும் பார்க்கலாம், எவரும் திருத்தலாம் என்று திறந்து வைத்திருக்கும் மென்பொருளை, எங்கள் மாடலுக்கு உரியதுதானா என்று சரிபார்த்து இறக்கினாள். பெட்டியைக் கணினியோடு வயரால் இணைத்து ஏற்றத் தொடங்கினாள். நாங்கள் சுற்றி நின்று ஆளுக்கொரு யோசனையைக் கத்தினோம். அத்தனை சத்தத்திலும் கை நடுங்காதவள் அவள் ஒருத்திதான். சிரிக்கலாம் தாய்மார்களே, இது அவளே சொல்லிச் சிரிக்கும் வேடிக்கை!

ஏற்றும்போது மின்சாரம் மட்டும் போகவே கூடாது. ஆனால் எங்கள் அப்பாவுக்கோ, வீணாக ஒரு விளக்கு எரிந்தால் உயிரே போகும். வந்தார். திரையைப் பார்த்தார். "ஒண்ணுமே அசையல, சும்மா எதுக்கு கரண்ட் ஓடுது?" என்றார். சுவரிலிருந்த சுவிட்சை அணைத்தார்!

"ஐயோ, என்னப்பா பண்ணிட்டீங்க!" என்று அலறினேன். திரும்பப் போட்டோம், பெட்டி கண் திறக்கவில்லை. அப்பா சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டார். தங்கை அழுதாளா? ஆத்திரப்பட்டாளா? இரண்டும்தான்! பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, முன்பே இறக்கி வைத்திருந்த வழிகாட்டியைப் படித்தாள். மேலே எது அழிந்தாலும் அடியில் அழியாமல் ஒரு சிறு நிரல் இருக்குமாம். அதை எழுப்பிவிட்டால் மறுபடி ஏற்றலாமாம். தலையிலிருந்த ஹேர்பின்னை உருவினாள். ரீசெட் பட்டனின் துளைக்குள் விட்டு அழுத்தியபடியே அப்பாவைப் பார்த்துச் சைகை காட்டினாள்: "நீங்களே போடுங்கப்பா."

அணைத்த கையே போட்டது. விளக்கு சிமிட்டியது! மறுபடி ஏற்றி முடியும்வரை அப்பா அந்தச் சுவிட்சைக் கையால் மூடிக் காவல் நின்றார். பச்சை விளக்கு நிலையாக எரிந்தபோது அப்பாடா என்று நாங்கள் விட்ட மூச்சு இருக்கிறதே, பக்கத்து வீட்டுக்கே கேட்டிருக்கும். வீட்டில் யார் எதை இறக்கினாலும் பேச்சுக்கு வழிவிட வேண்டும் என்று புதிய மென்பொருளில் ஒழுங்கும் வகுத்தாள்.

மாலையில் மாப்பிள்ளை திரையில் வந்தார். நாங்கள் நாகரிகமாக வெளியேறினோம். கதவிடுக்கில் எட்டிப் பார்த்தது வேறு விஷயம். கைகள் வேகமாகச் சண்டையிட்டன. மெல்லத் தணிந்தன. ஒரு விரல்கூட உறையவில்லை. கடைசியில் அவள் எங்கள் பக்கம் திரும்பிக் கை அசைத்தாள்: "வர்றாரு."

செய்தவர் கைவிட்டால் ஒரு பொருளுக்குக் கதியில்லையா? உண்டு! முகம் தெரியாதவர் எழுதிவைத்ததும், தெரிந்தவர் துணிந்ததும் சேர்ந்தால் உண்டு! அதோ, அந்த மாப்பிள்ளை மூன்றாம் வரிசையில் என் தங்கையோடு உட்கார்ந்திருக்கிறார். கை தட்டாதீர்கள், அது அவர்களுக்குக் கேட்காது. இரு கைகளையும் உயர்த்தி விரல்களை அசையுங்கள். ஆ, அப்படித்தான்! எத்தனை கைகள்!

கேட்டவர்களுக்கும் கண்டவர்களுக்கும் நெஞ்சு நிறைந்த நன்றி கூறி, கைகூப்பி விடைபெறுகிறேன், வணக்கம். அப்பா, அந்த மேடை விளக்குச் சுவிட்சுல இருந்து கைய எடுங்க, கூட்டம் இன்னும் முடியல!